கல்லில் வெட்டாத எண்

திருச்சி காந்தி மார்க்கெட்டை ஒட்டி ஒரு போர் நினைவுச் சின்னம் நிற்கிறது. வெங்காய லாரி, வாழைத்தார் வண்டி, ஷேர் ஆட்டோ, கூடைக்காரம்மாக்கள் என்று விடிவதற்கு முன்பே அதைச் சுற்றி அமளி தொடங்கிவிடும். அந்தச் சந்தடியில் நின்று கல்லைப் படிக்கிறவர்கள் குறைவு. படித்தாலும் அதில் இருப்பவை இரண்டே எண்கள். 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்கு இந்த ஊரிலிருந்து 302 பேர் போனார்கள். அவர்களில் 41 பேர் உயிரைக் கொடுத்தார்கள். பெயர் இல்லை, தெரு இல்லை, தகப்பன் பேரும் இல்லை.

நான் வங்கிக் கவுன்ட்டரில் காலம் தள்ளியவன். இரண்டு எண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் மனசு தானாகக் கழித்துப் பார்க்கும். 302இல் 41 போனால் 261. கல்லில் இந்த எண் கிடையாது. போனவர்களை எண்ணினார்கள், செத்தவர்களை எண்ணினார்கள். திரும்பி வந்தவர்களை நாமே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். வயதாக ஆக அந்த 41ஐவிட இந்த 261தான் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது. செத்தவருக்கு வருஷத்துக்கு ஒரு மாலை போட்டுக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். திரும்பி வந்தவருக்குச் சோறு வேண்டும், வேலை வேண்டும், சொன்னால் கேட்க ஒரு ஆள் வேண்டும். அவர் இன்னும் பல வருஷம் நம் தெருவிலேயே இருப்பார்.

இந்தக் கல் திருச்சிக்கு மட்டும் வாய்த்ததல்ல. அந்நாளைய மதராஸ் மாகாணத்தில் ஆள் அனுப்பிய பல ஊர்களில் இதே வாசகம் இருக்கிறது. ஊர்ப் பெயரும் எண்களும்தான் மாறும். சாவடிச் சுவர், பழைய பள்ளிக்கூட முகப்பு, ரோட்டோரத் தூண் என்று தோதான இடத்தில் பதித்திருக்கிறார்கள். சண்டை 1918 நவம்பர் 11ஆம் தேதியே ஓய்ந்துவிட்டதே, கல்லில் ஏன் 1919 என்று என் பேரன் கேட்டான். நியாயமான கேள்வி. பீரங்கி நின்றது 1918இல். வெர்சாய் உடன்படிக்கையில் கையெழுத்தானது 1919 ஜூன் 28. காகிதத்தில் முடிந்தால்தான் அரசாங்கத்துக்கு முடிந்த மாதிரி. பென்ஷன் வாங்குகிற எவருக்கும் இது விளங்கும்.

முதல் உலகப் போரில் இந்தியாவிலிருந்து சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 13 லட்சம் பேர். உயிரிழந்தவர்கள் 74,000 பேர் என்று பொதுவாகச் சொல்வார்கள். போன எல்லோரும் துப்பாக்கி பிடித்தவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. கோவேறு கழுதை ஓட்டியவர், மண் வெட்டியவர், தண்ணீர் சுமந்தவர், அடுப்படியில் நின்றவர், காயம்பட்டவரைத் தூக்கி வந்தவர் என்று லட்சக்கணக்கானோர் அந்தக் கணக்கில் அடக்கம். மிகப் பெரும் பகுதி மெசபடோமியாவுக்குப் போனது. இன்றைய இராக்.

கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போனவர்களும் உண்டு. 63ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி என்று நம் ஊர்ப் பெயர் தாங்கிய படை ஒன்று இருந்தது. 1914 நவம்பர் தொடக்கத்தில் அதை இன்றைய தான்சானியாவில் உள்ள டாங்கா என்ற துறைமுகத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். வாரக்கணக்கில் கப்பலில் அடைபட்டு வந்தவர்கள், எதிரே ஜெர்மானியரின் இயந்திரத் துப்பாக்கிகள். போதாக்குறைக்குச் சண்டை நடந்த தோப்பில் தேன்கூடுகள் கலைந்து, தேனீக்கள் கூட்டமாக வந்து கொட்டின. அந்தச் சண்டைக்குத் தேனீச் சண்டை என்றே பெயர் நிலைத்துவிட்டது. தோல்விக்குத் திட்டம் போட்ட மேலிடமும் பொறுப்பு. பழியில் பெரும் பங்கு சிப்பாய்கள் தலையில் விழுந்தது. மதராஸ்காரன் சண்டைக்கு லாயக்கில்லை என்ற பேச்சு அதற்கும் முன்னாலேயே இருந்தது. 1880களில் மதராஸ் படைக்குத் தளபதியாக இருந்து, பிறகு இந்தியப் படைக்கே தலைவரான ராபர்ட்ஸ் பிரபு அந்தக் கருத்தை ஊன்றி வளர்த்தவர். அவர் காலத்திலிருந்தே நம் பக்கம் ஆள் எடுப்பதைக் குறைத்துக்கொண்டு வந்தார்கள். போர் வந்து ஆள் பற்றாதபோதுதான் மறுபடி ஞாபகம் வந்தது.

திரும்பி வந்தவர்களுக்கு என்ன காத்திருந்தது என்று பார்த்தால் மனசு கசந்துவிடுகிறது. 1918 ஜூனில் பம்பாய்த் துறைமுகத்தில் தொடங்கிய விஷக்காய்ச்சல் அந்த வருஷம் முடிவதற்குள் நாடு முழுக்கப் பரவி ஒரு கோடிக்கு மேல் ஆட்களை வாரிக்கொண்டு போனது. போர்முனையிலிருந்து உயிரோடு வந்து, வீட்டில் பெண்டாட்டி பிள்ளை இல்லாமல் திண்ணையில் உட்கார்ந்தவர்கள் எத்தனை பேரோ. அதற்குக் கல் நடவில்லை. பிறகு 1920களில் மதராஸ் ரெஜிமென்ட்டின் பட்டாலியன்களை ஒவ்வொன்றாகக் கலைத்தார்கள். சிக்கன நடவடிக்கை என்றார்கள். 1758 முதல் கணக்கு வைத்துப் பெருமை பேசும் படை, போரிலிருந்து வந்த பத்து வருஷத்தில் இல்லாமல் போயிற்று. இரண்டாம் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டபோது திரும்ப எழுப்பினார்கள். இன்று நீலகிரி வெலிங்டனில் அதன் தலைமையிடம் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மதராஸ் சேப்பர்ஸ் என்ற பொறியாளர் படை போன்ற பிரிவுகளில் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து நிறையப் பேர் சேர்ந்தார்கள். அங்கே பூட்ஸ் போட்டு நடந்தவர், கையில் உத்தரவு வைத்திருந்தவர், லீவில் ஊருக்கு வந்தால் மேலத்தெரு முனையில் பூட்ஸைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது என்று எங்கள் அம்மா ஊரில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சிலர் கழற்ற மறுத்தார்கள், அதனால் சண்டை வந்தது. அந்தச் சண்டைகளும் எந்தக் கல்லிலும் இல்லை.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். வீரனுக்குக் கல் நடுவது நமக்கு வெள்ளைக்காரன் சொல்லிக் கொடுத்த பழக்கம் இல்லை. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகற்கள் தமிழ் பிராமி எழுத்தில் பொறித்தவை. ஈராயிரம் வருஷத்துக் கல். மாடு கவர்ந்த சண்டையில் விழுந்தவனை அதில் ஒரு கல் தீயன் அந்தவன் என்று பெயர் சொல்லி நிறுத்தியிருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. மகேந்திரவர்மன் காலம், 7ஆம் நூற்றாண்டு. வீரன் கருந்தேவக்கத்தி வில்லும் குறுவாளுமாக நிற்கிறான், காலடியில் அவனுடைய நாய். கள்ளர்களை மறித்துக் கடித்த அந்த நாயின் பெயர் கோவிவன். கல்லில் வெட்டியிருக்கிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். 1,400 வருஷத்துக்கு முன் ஓர் ஊர், உளி பிடித்த ஒரு கல்தச்சனை வைத்துக்கொண்டு நாயின் பெயரைக் காப்பாற்றியது. அச்சுக்கூடமும் தந்தியும் ரயிலும் வைத்திருந்த பேரரசு 302 பேரை ஒரு எண்ணாக்கி ஒதுங்கிக்கொண்டது. பெயர்ப் பட்டியல் இல்லாமலா சம்பளம் கொடுத்தார்கள்? இருந்தது. கல்லுக்கு ஏறவில்லை, அவ்வளவுதான்.

பஸ்ராவில் இன்னும் மோசம். மெசபடோமியாப் போரில் இறந்து கல்லறை இல்லாமல் போன 40,000க்கு மேற்பட்டவர்களுக்கு அங்கே 1929இல் பெரிய நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்க்குச் சுவரில் பெயர் உண்டு. இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர். சாதாரணச் சிப்பாய்கள் இந்த ரெஜிமென்ட்டில் இத்தனை பேர் என்று வெறும் எண்ணிக்கை. சாவில் பதவி வித்தியாசம் பார்க்க மாட்டோம், எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கல் என்று கொள்கை வகுத்துக்கொண்ட காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம்தான் இதையும் செய்தது. 2021 ஏப்ரலில் அவர்களே விசாரித்து அறிக்கை வெளியிட்டு மன்னிப்பும் கேட்டார்கள். இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் என்று 45,000 முதல் 54,000 பேர் வரை சமமில்லாத விதத்தில் நினைவுகூரப்பட்டார்கள் என்றும், குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லி நினைவுகூரப்படவில்லை, அல்லது அடியோடு நினைவுகூரப்படவே இல்லை என்றும் அதில் இருக்கிறது. நூறு வருஷம் கழித்தாவது ஒப்புக்கொண்டார்கள் என்பதை நான் குறைத்துப் பேச மாட்டேன். நம் வீட்டில் அண்ணன் தம்பி பாகப் பிரிவினைத் தப்பை ஒப்புக்கொள்ளவே மூன்று தலைமுறை ஆகிறது.

நம் அரசாங்கம் இதில் தேவலை. டில்லியில் 2019 பிப்ரவரி 25 அன்று திறந்த தேசியப் போர் நினைவகத்தில், சுதந்திரத்துக்குப் பிறகு உயிர்விட்ட 25,942 பேரின் பெயர்களைக் கருங்கல்லில் ஒவ்வொன்றாக வெட்டினார்கள். திருச்சியிலேயே கன்டோன்மென்ட் பக்கம் மேஜர் சரவணனுக்கு நினைவிடம் இருக்கிறது. கார்கில் போரில் 1999 மே 29 அன்று படாலிக் பகுதியில் விழுந்தவர், பீகார் ரெஜிமென்ட், வீர சக்ரா பெற்றவர். அவர் உடலை மீட்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. ஒரே ஊரில் இரண்டு நினைவிடம். ஒன்றில் பெயர் உண்டு, இன்னொன்றில் எண் மட்டும்.

சென்னையில் தீவுத்திடல் பக்கம் மாநிலத்துக்கே பெரிய போர் நினைவுச் சின்னம் இருக்கிறது. முதல் உலகப் போர் வெற்றிக்காக எழுந்தது. அப்புறம் இரண்டாம் உலகப் போர், 1948 காஷ்மீர், 1962 சீனப் போர், பாகிஸ்தான் போர் என்று ஒவ்வொன்றாக அதில் சேர்ந்துகொண்டது. குடியரசு நாள் காலையில் ஆளுநர் மலர்வளையம் வைப்பார். மற்ற நாளில் சிக்னலுக்கு நிற்கும் வண்டிகள் பார்த்துக்கொண்டு நிற்கும். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. ரோட்டோரத்தில் வைத்ததே போகிற போக்கில் கண்ணில் படட்டும் என்றுதான். கோட்டைக்குள்ளே வைத்திருந்தால் அதுவும் இருக்காது. கொஞ்சம் தள்ளி உயர் நீதிமன்ற மதிலில், எம்டன் என்ற ஜெர்மன் கப்பலின் குண்டு விழுந்த இடத்துக்குக் கல்வெட்டு இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 ராத்திரி. அந்தக் கப்பல் பெயரை இன்றுவரை வீட்டுக்கு வீடு பிள்ளைகளைத் திட்டப் பயன்படுத்துகிறோம். சுட்டவனை ஞாபகம் வைத்திருக்கிறோம், பாருங்கள்.

நான் பென்ஷன் சீட்டில் இருந்த காலத்தில் நவம்பர் மாதம் என்றால் எங்களுக்குத் திருவிழா. லைஃப் சர்டிஃபிகேட் மாதம். உயிரோடு இருக்கிறேன் என்று நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். சிவில் பென்ஷன்காரர்கள் கவுன்ட்டரை மொய்ப்பார்கள், எங்கள் செக்யூரிட்டி கத்திக்கொண்டிருப்பார். பட்டாளத்துக்காரர்கள் வந்தால் யாரும் சொல்லாமலே வரிசை நின்றுவிடும். என் முன்னால் வந்ததும் பெயர் சொல்ல மாட்டார்கள். முதலில் ஆர்மி நம்பர், அப்புறம் ராங்க், கடைசியில்தான் பெயர். அவர்கள் வீட்டில் இருக்கும் கறுப்பு டிரங்குப் பெட்டியில் வெள்ளைப் பெயின்ட்டால் எழுதியிருப்பதும் அதே வரிசையில்தான். படையைவிட்டு வந்து பேரன் எடுத்த பிறகும் நாக்கு அந்த வரிசையை மாற்றவில்லை.

சிப்பாய் பென்ஷன் வாங்குகிறார் என்றால் கிழவர் என்று நினைத்துவிடுகிறோம். பதினைந்து பதினேழு வருஷம் பணி முடித்து வெளியே வரும்போது பாதிப் பேருக்கு நாற்பது வயதுகூட ஆகியிருக்காது. பிள்ளை பள்ளிக்கூடத்தில், வீடு பாதி கட்டி நிற்கும். ஏடிஎம் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் ஆளைக் கேட்டுப் பாருங்கள், சியாச்சினில் இரண்டு குளிர் கழித்தேன் என்பார். அதே சியாச்சினில் 2016 பிப்ரவரி 3 அன்று பனிச்சரிவில் 19ஆவது மெட்ராஸ் பட்டாலியன் சாவடி மூடியபோது போன பத்துப் பேரில் நாலு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். அவர்களுக்கு ஊரே திரண்டு அழுதது, அழ வேண்டியதுதான். அதே மலையிலிருந்து இறங்கி வந்தவர் நமக்கு ஏடிஎம்மில் ரசீது வரவில்லை என்றால் திட்டு வாங்குகிறார்.

எங்கள் தெருவில் ஒருவர் இருந்தார். சேப்பர்ஸ், 1971 டிசம்பரில் ஷகர்கர் பக்கம் கண்ணிவெடி எடுத்தவர். பெயரை விட்டுவிடுகிறேன், நான் அண்ணே என்பேன், அவர் தம்பி என்பார். சேப்பர்ஸில் எல்லோரும் எல்லோருக்கும் தம்பிதான் என்றும் சொல்வார். கல்யாணப் பந்தியில் அவர் மிலிட்டரி என்று தெரிந்த உடனே யாராவது ஒருத்தன் இலையைத் தாண்டிக் குனிந்து, "எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்பான். "நான் எங்கப்பா சுட்டேன், தோண்டிக்கிட்டுல்ல கெடந்தேன்" என்று சொல்லிவிட்டு ரசத்துக்குக் கை காட்டுவார். பந்தி சிரிக்கும். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

பாதாளச் சாக்கடைக்காக எங்கள் தெருவைத் தோண்டிப் போட்டிருந்த ஒரு மழைக்காலம். பள்ளமும் தரையும் ஒரே கலங்கல் தண்ணீராகக் கிடந்தது. அண்ணன் கைத்தடியோடு வந்தார். தண்ணீரில் தடியை நேராக ஊன்றவில்லை. சாய்த்து, மெதுவாக, ஒரு சாண் தள்ளி மறுபடி சாய்த்து, அப்படிக் குத்திக்கொண்டே வந்தார். என்ன அண்ணே இது என்று கேட்டேன். நேராகக் குத்தினால் வெடியின் தலையில் அழுத்தம் விழும், சாய்த்துக் குத்தினால் பக்கவாட்டில் தட்டுப்படும் என்றார். குப்புறப் படுத்துக்கொண்டு, முழங்கையை ஊன்றி, முன்னால் கைக்கெட்டிய தூரத்தைக் குத்திப் பார்த்து, தட்டுப்பட்டால் விரலால் மண் விலக்கி, அடையாளம் வைத்து, அப்புறம்தான் அடுத்த சாண். பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிய இரண்டு பக்கமும் வெள்ளை நாடா. டாங்கி அந்த நாடாவுக்கு நடுவில்தான் வரும். "விடியறதுக்குள்ள பாதை போடணும். மேல குண்டு விழும். அதுக்காக வேகமாக் குத்த முடியுமா?" என்றார்.

பக்கத்துப் பாதையில் குத்திக்கொண்டு வந்தவரைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார். நடுவில் நிறுத்திவிட்டு, பள்ளத்தைப் பார்த்துக் கோபமானார். "இங்கே நாடா கட்டணும்ல? பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க வர்ற ரோடு. அறிவு வேண்டாமா காண்ட்ராக்டருக்கு?" வீட்டுக்குப் போய்ப் பழைய வேட்டியைக் கிழித்து, நாலு மூங்கில் குச்சி நட்டு, தெரு நீளத்துக்கும் பள்ளத்தின் ஓரமாகக் கட்டிவிட்டார். மழையில் நனைந்துகொண்டே அண்ணி குடை பிடித்தார்கள். மேற்பார்வையாளர் வந்து யாரு கட்டினது என்று கேட்டதற்கு, "நான்தான். அவுத்துப் பாரு" என்றார். பள்ளம் மூடுகிறவரை வேட்டித் துணி அங்கேயே இருந்தது.

அவர் அப்படி நாடா கட்டினதற்குச் சக்ரா கிடையாது. ஆனால் திரும்பி வந்தவர் கையில் என்ன கொண்டு வருகிறார் என்று யாராவது கேட்டால் நான் அந்த வேட்டியைத்தான் காட்டுவேன். சுட்ட கதை கேட்பவர்களுக்கு அது கிடைக்காது. அதனால் சிறுவர்களுக்கு நான் சொல்வது: பட்டாளத்துக்காரரைப் பார்த்தால் வீரக்கதை கேட்காதே. அங்கே என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேள். ரொட்டி சுட்டவர், வண்டி ரிப்பேர் பார்த்தவர், தந்திக்கம்பி இழுத்தவர், நர்ஸிங் பார்த்தவர், எல்லோரும் பேச ஆரம்பித்துவிடுவார்கள். பேச்சு எங்கே போக வேண்டுமோ அங்கே தானே போகும். போகாவிட்டால் விட்டுவிட வேண்டும்.

கதை கேட்பதைவிட உபகாரமான வேலை ஒன்று உண்டு, அது காகிதம். இன்னொரு வீட்டுக் கதை சொல்கிறேன். கணவர் தவறிப் போனார். அந்தம்மாவுக்குக் குடும்பப் பென்ஷன் மாற வேண்டும். வீட்டில் கூப்பிடுவது பாப்பாத்தி, வாக்காளர் அட்டையில் பாப்பம்மாள். கல்யாணமான புதிதில் எங்கேயோ வடக்கே யூனிட்டில் எழுதிக்கொண்ட கிளார்க் காதில் விழுந்தபடி ‘பபாட்டி’ என்று போட்டுவிட்டார். டிஸ்சார்ஜ் புக்கில் பபாட்டி, ஆதாரில் பாப்பம்மாள். பாப்பம்மாளுக்கு எப்படிப் பபாட்டியின் பென்ஷன் கொடுப்பது? நோட்டரி வாக்குமூலம், தாசில்தாரிடம் ஒரே நபர் சான்று, சேர்ந்து எடுத்த போட்டோ, கல்யாணப் பத்திரிகை என்று அந்தம்மா அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. "பேரு கேட்டு எழுதுறதுக்கு ரெண்டு நிமிசம் ஆயிருக்குமா தம்பி?" என்றுதான் கேட்டார்கள். டிசம்பர் 7 கொடிநாளில் சட்டையில் கொடி குத்திக்கொள்ளுங்கள், நல்லதுதான், 1949 முதல் குத்துகிறோம். அதோடு தெருவில் இருக்கும் முன்னாள் படைவீரர் வீட்டுக்குப் போய், பத்திரத்தில் எல்லாம் பெயர் ஒன்றுபோல் இருக்கிறதா என்று அவர் உயிரோடு இருக்கும்போதே பார்த்துக் கொடுத்தால், பின்னால் ஒரு அம்மா அலைய வேண்டி இருக்காது.

வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர். வீட்டுக்கு ஒருவராவது படையில் இருந்திருப்பார்கள் என்பதால் ராணுவப்பேட்டை என்றே பெயர். அப்படிப்பட்ட ஊரில் யார் போனார், யார் வந்தார் என்பது ஊருக்கே மனப்பாடமாக இருக்கும். மற்ற ஊர்களில் அது ஒரு தலைமுறை தாண்டுவதில்லை. எங்கள் அம்மா ஊரில் சாவடிச் சுவரில் அந்தக் காலத்துக் கல் இருக்கிறது. பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்து எழுத்துப் பள்ளமெல்லாம் சுண்ணாம்பு அடைத்துப் போயிருந்தது. பள்ளித் தலைமையாசிரியர் பிள்ளைகளை வைத்து ஈர்க்குச்சியால் சுரண்டி எடுத்தார். எண்கள் இரண்டையும் நான் இங்கே எழுதவில்லை; ஊர் தெரிந்துவிடும், சிலைக்கு வசூல் ஆரம்பித்துவிடுவார்கள். ஏற்கெனவே ஒருவர் கிரானைட் பலகை என் செலவு என்று வந்தார். உபயம் என்று அவர் பெயரை வீரர்கள் பெயரைவிடப் பெரிதாக வெட்ட வேண்டுமாம். தலைமையாசிரியர் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்.

கல்லுக்குப் பதில் ஒரு நோட்டு போட்டிருக்கிறோம். நீள நோட்டு, பள்ளிக்கூட அட்டென்டன்ஸ் மாதிரிக் கோடு போட்டது. பெயர், தகப்பன் பெயர், போன வருஷம், வந்த வருஷம், வந்தபின் என்ன செய்தார். கடைசிக் கலம்தான் பெரிது. பிள்ளைகள் சனி ஞாயிறு வீடு வீடாகப் போய் எழுதிக்கொண்டு வருகிறார்கள். கிணறு வெட்டினார் என்று ஒன்று, மாட்டு வைத்தியம் பார்த்தார் என்று ஒன்று, குடித்தே செத்தார் என்றும் ஒன்று. அதை எழுதலாமா என்று வாத்தியார்களுக்குள் வாதம். எழுதச் சொன்னேன். அந்த வீட்டுப் பேத்தியும் எழுதச் சொன்னாள். "ராத்திரியில கத்துவாராம், அதையும் போடுங்க தாத்தா" என்றாள். இரண்டாம் உலகப் போர், 62, 65, 71, இலங்கைக்குப் போன அமைதிப்படை, கார்கில் என்று பக்கம் நிறைந்துகொண்டு வருகிறது. வந்தபின் என்ற கலத்துக்குச் சில பேருக்கு ஒட்டுத்தாள் தேவைப்படுகிறது.

முதல் போர்ப் பக்கத்தில் மட்டும் இடைவெளி நிறைய. அதில் ஒருவர் பஸ்ராக்காரர். ஊரில் பஸ்ரா வீடு என்று இன்றைக்கும் சொல்கிறார்கள், குடியிருப்பவர்களே அப்படித்தான் விலாசம் சொல்கிறார்கள். அந்த மனிதரின் சொந்தப் பெயர் கொள்ளுப்பேரனுக்கே தெரியவில்லை. சம்பளப் பணத்தில் அவர் ஒரு துண்டு நிலம் வாங்கியதாகக் கேள்வி. வாங்கியிருந்தால் கிரயப் பத்திரத்தில் பெயரும் தகப்பன் பெயரும் இருந்தே தீர வேண்டும். கம்ப்யூட்டரில் ஏறாத காலத்து வில்லங்கம் என்பதால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய புத்தகத்தைக் கையால் புரட்டித்தான் தேட வேண்டும். சர்வே எண்ணைக் கொடுத்து மனுப் போட்டாயிற்று, தேடுதல் கட்டணமும் கட்டியாயிற்று. அடுத்த வாரம் வந்து பாருங்கள் என்றிருக்கிறார்கள்.